பொய்க்காத தண்ணீர்

வர வேண்டிய மழை வராவிட்டால் ‘மழை பொய்த்துவிட்டது’ என்கிறோம். கவனித்திருக்கிறீர்களா? வராத மழை மீது தமிழ் சுமத்தும் குற்றம், பொய் சொன்னது என்பது! எதிர்பார்த்த நேரத்தில் வந்து நிற்பதே உண்மை என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பத்திரிகைகள் எழுதும் ‘நம்பகத்தன்மை’யைவிட இது எனக்குப் பிடித்த சொல்.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு அந்த நேரம் ஜூன் 1. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அதற்காகக் காத்திருக்கிறது. விதைநெல் வாங்குவது, நகையை அடகு வைப்பது, டிராக்டருக்குச் சொல்லி வைப்பது எல்லாமே அந்தத் தேதியை நம்பித்தான். மழை குறைந்து தண்ணீர் திறப்பு தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. அப்போது டீக்கடையில் முதல் கேள்வியே, “அணை எத்தனை அடி?”

மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய வேலை அது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பென்னிகுவிக் விடவில்லை. 1895 அக்டோபர் 10-ம் தேதி சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. எப்படியோ, ஜனவரி 15, அவர் பிறந்த நாளில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரும் வைக்கிறார்கள்.

அடுத்த சொல், நாணயம். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர். 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள்.

ஆனால் குத்தகைப் பணம் கொடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் வந்துவிடுமா? 1979-ல் அணை தாங்குமா என்ற பயம் கேரளத்தில் எழுந்தது. 152 அடி வரை தேக்கிய தண்ணீரை 136 அடியாகக் குறைத்தார்கள். பிறகு அணை மீது கான்கிரீட் போட்டார்கள், இரும்பு வடங்களை இறக்கி அடிப்பாறையோடு பிணைத்தார்கள், பின்பக்கம் கான்கிரீட் சுவரும் எழுப்பினார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அணை உறுதி என்று நிபுணர்கள் சொன்னார்கள். இருந்தும் அடைமழை இரவில் வண்டிப்பெரியாறு பக்கத்தில் விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய நமக்கு மனம் வரக் கூடாது. உறுதி என்பது கல்லில் இருப்பது, அதை அளந்து சொல்லிவிடலாம். நம்பிக்கை ஆற்றுக்குக் கீழே குடியிருப்பவர் மனதில் இருப்பது. தீர்ப்பு எழுதி அதை வரவழைக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனாலும் சாம்பிள் பாக்கெட் கைக்கு வந்தால்தான் வியாபாரி விலை கேட்பார். காயின் பச்சை நிறத்தைப் பார்ப்பார், ஒன்றை உரித்து முகர்வார், பருமனைக் கணக்குப் போடுவார். ஒரு கைப்பிடிக் காய்தான், அதை நம்பி மூட்டை மூட்டையாக வாங்குகிறார். விற்பவர் மலைக்கு அந்தப் பக்கம், வாங்குபவர் இந்தப் பக்கம். சாம்பிளும் மூட்டையும் ஒன்றாக இருக்கும்வரை யாரும் மாநிலம் கேட்பதில்லை. மூட்டையைப் பிரிக்கும்போது வேறு காய் இருந்தால், அடுத்த ஏலத்தில் அந்தச் சரக்குக்குக் கை எழும்பாது.