லைன் இல்லாத காட்டிலும் கைப்பேசி வழிகாட்டும்: மலையேறுவோர் முதல் நாளே செய்ய வேண்டியவை

வார இறுதியில் மலையேறுவது தோட்டப்புற இளைஞர்களுக்கும் பட்டணத்துக் குடும்பங்களுக்கும் இன்று பழக்கமாகிவிட்டது. செமிஞே அருகில் உள்ள புரோகா குன்று போன்ற இடங்களில் முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்கிவிடலாம். ஆனால் உலு லங்காட்டில் 1,493 மீட்டர் உயரத்தில் நிற்கும் குனோங் நுவாங், ஜொகூரின் 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங் போன்ற மலைகளில் நிலைமை வேறு. அங்கே பல மணி நேரம் நடக்க வேண்டும். காடு அடர்ந்திருக்கும். கிளைப்பாதைகளும் உண்டு. ஒரு கிளையில் தவறாகத் திரும்பிவிட்டால், பிற்பகல் மழையும் இருட்டும் சேர்ந்து ஆளைத் திணறடித்துவிடும்.

அந்த நேரத்தில் பலர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “லைன் இல்லை, இனி இது உதவாது” என்று பைக்குள் வைத்துவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். லைன் இல்லாத இடத்திலும் கைப்பேசி தான் இருக்கும் இடத்தைக் கண்டறியும். அங்கே இல்லாமல் போவது வரைபடம்தான். அதை முதல் நாளே வீட்டில் பதிவிறக்கம் செய்து வைத்திருந்தால், அதே கைப்பேசி காட்டுக்குள் வழிகாட்டும்.

இடம் எப்படித் தெரிகிறது?

ஜிபிஎஸ் என்பது அமெரிக்கா நடத்தும் துணைக்கோள் அமைப்பு. அதன் துணைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் துல்லியமான நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, துணைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கைப்பேசி கணக்கிடுகிறது. இப்படி நான்கு துணைக்கோள்களின் அலைகள் கிடைத்தால் இடமும் உயரமும் தெரிந்துவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகிய அமைப்புகளின் அலைகளையும் இன்றைய கைப்பேசிகள் பல பயன்படுத்துகின்றன.

இதில் கைப்பேசி கேட்பதோடு சரி, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் இடத்தைக் கண்டறிய சிம் அட்டையும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. ஆனால் இணையம் இருந்தால் துணைக்கோள்களை விரைவாகக் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் சில நிமிடங்கள் ஆகலாம். எனவே மரநிழலுக்குள் நுழைந்த பிறகு ஜிபிஎஸ்ஸை முடுக்குவதைவிட, அடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில் திறந்த வானத்தின் கீழ் முடுக்கிவிட்டு நடப்பது நல்லது.

வரைபடம் வீட்டிலேயே தயாராக வேண்டும்

கூகள் மேப்ஸ் சாலைக்குச் சிறந்தது. காட்டுப் பாதைகளுக்கு அது போதாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட ஓஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் பல மலைப்பாதைகள் இருக்கின்றன. போக வேண்டிய பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

சரியாக இறங்கியதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. வீட்டிலேயே கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, அந்த மலையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பாதையும் ஆறும் தெரிந்தால் காட்டிலும் தெரியும். வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள் வந்தால் வரைபடம் இறங்கவில்லை என்று பொருள்.

முன்பு ஏறியவர்கள் பதிவு செய்த வழித்தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒருவரின் தடத்தை நம்பிப் போகக்கூடாது. அவரே வழி தவறிச் சுற்றிய தடமாகவும் அது இருக்கலாம். அண்மையில் ஏறிய இரண்டு மூன்று பேரின் தடங்கள் ஒத்துப்போனால் நம்பலாம். பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் கோடு வரையலாம் என்பதையும் மறக்கக்கூடாது. பழைய மரவெட்டுப் பாதையும், மண்சரிவில் அறுந்துபோன பாதையும் அதில் இன்னும் கோடாக இருக்கலாம்.

உயரக் கோடுகளையும் பார்க்கப் பழக வேண்டும். அந்தக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்தானது. ‘பாதை 200 மீட்டர்தான், குறுக்கே போய்விடலாம்’ என்று தோன்றும் இடத்தில் நடுவே பள்ளத்தாக்கு இருப்பதை அந்தக் கோடுகளே சொல்லும்.

அடர்ந்த மரங்களுக்குக் கீழே

பால்மர நிரைகளுக்கு நடுவே நடந்து வளர்ந்தவர்களுக்குத் திசை எளிதில் குழம்பாது. நிரை நேராகப் போகும், எப்படியும் ஒரு தோட்டச் சாலையில் கொண்டுபோய் விடும். காட்டில் அந்த ஒழுங்கு இல்லை. அதோடு, அங்கே ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும்.

திறந்த வெளியில் கைப்பேசி காட்டும் இடம் பொதுவாக 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். அடர்ந்த இலைக்கூரையின் கீழும், குறுகிய பள்ளத்தாக்கிலும், பாறைச்சுவர் அருகிலும் அலைகள் வலுவிழக்கின்றன. பட்டுத் தெறித்தும் வருகின்றன. அப்போது திரையில் உள்ள புள்ளி பல மீட்டர் தள்ளி நிற்கும், அங்குமிங்கும் தாவும். அதைத் துரத்திக்கொண்டு பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கக்கூடாது. நின்று ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மரங்கள் விலகிய இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே போய்ப் பார்க்கலாம். கண்ணுக்கு முன்னால் தெளிவான பாதை இருக்கும்போது திரையைவிடக் கண்ணை நம்புவதே சரி.

வழி தவறிய பிறகு மட்டும் வரைபடத்தைத் திறப்பது தாமதம். ஒவ்வொரு கிளைப்பாதையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத் தவறைத் திருத்துவது எளிது. ஒரு மணி நேரத் தவறைத் திருத்த நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. நடக்கத் தொடங்கும்போதே செயலியில் பதிவைத் தொடக்கிவிட்டால், வந்த தடம் திரையில் கோடாக விழும். வழி மாறினால் அதே கோட்டைப் பிடித்துத் திரும்பலாம்.

மின்கலமும் மழையும்

லைன் இல்லாத இடத்தில் கைப்பேசி கோபுரத்தைத் தேடித்தேடியே மின்கலத்தைத் தீர்த்துவிடும். விமானப் பயன்முறையில் வைத்து, இருப்பிட வசதியை மட்டும் இயக்கினால் நெடுநேரம் தாங்கும். பவர் பேங்க், அதற்கான கம்பி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பை மூன்றும் கட்டாயம். ஈரமான தொடுதிரை விரலுக்குச் சரியாகப் பணியாது. குழுவில் ஒருவரிடம் மட்டும் வரைபடம் இருப்பதும் ஆபத்து. குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். அடிக்கடி நீண்ட மலைகளுக்குப் போகிறவர்கள் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கலாம். அதில் பொத்தான்கள் இருக்கும். சில வகைகளில் கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

கைப்பேசிக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது

பலர் கவனிக்காத செய்தி இது. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் அனுப்பிவிட்டால் வீட்டார் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று நினைப்பது தவறு. லைன் போன இடத்தோடு அது நின்றுவிடும். ஆகவே எந்த அடிவாரம், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதைப் புறப்படும் முன்பே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஜிபிஎக்ஸ் கோப்பையும் அவருக்கு அனுப்பி வைக்கலாம். குறித்த நேரம் தாண்டினால் 999க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மலையிலிருந்தே உதவி கேட்க நேர்ந்தால், விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு 999க்கு அழைக்கலாம். சொந்த நிறுவனத்தின் லைன் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 என்ற எண் வழியாக அவசர அழைப்பு போகக்கூடும். அப்போது ‘பெரிய மரத்துக்குப் பக்கத்தில்’ என்று சொன்னால் மீட்புக் குழுவுக்குப் பயனில்லை. செயலி காட்டும் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கு அவை ஏறக்குறைய 3.158, 101.712. முதல் எண் அகலாங்கு, இரண்டாவது நெட்டாங்கு. புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னால் ஏறக்குறைய 11 மீட்டர் அளவுக்கு இடம் குறுகிவிடும். சொன்ன பிறகு அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. ‘ஆற்றைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும்’ என்று கிளம்புவது அருவி விளிம்புக்கோ திடீர் நீர்ப்பெருக்குக்கோ கொண்டுபோகலாம்.

எந்தச் செயலியும் வனத்துறை அனுமதிக்கோ, மாலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டிக்கோ மாற்று ஆகாது. எந்த மலைக்கு எது தேவை என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். தீபகற்பத்தில் இரவு ஏழு, ஏழரைக்குள் இருட்டிவிடும். இலைக்கூரையின் கீழ் அதற்கும் முன்பே. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் திரும்பி நடக்கும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.