பைக் ஆயில் பால் காபி மாதிரி இருக்கா? ஈரக்காற்று செய்யும் வேலை இது!

"பைக்கை நனைய விடுறதே இல்லை, ஷெட்லதான் நிக்குது. அப்புறம் எப்படி ஆயில்ல தண்ணி?" மழை சீசனில் பலருக்கும் வரும் சந்தேகம் இது.

தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே உருவாகும், பாஸ்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். பெரும்பகுதி ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ராத்திரி இன்ஜின் ஆறும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். ஈரப்பதம் அதிகமுள்ள ஊர்களில் அந்தக் காற்றோடு நீராவியும் வரும். ஜில்லுன்னு ஜூஸ் ஊத்தின டம்ளர் வேர்க்குமே, அதேபோல இன்ஜினின் உள்சுவரிலும் நீர் படியும்.

சொட்டுத் தண்ணியால என்ன ஆயிடும்? உரசும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்பதுதான் ஆயிலின் வேலை. அழுத்தம் கூடக்கூட ஆயில் கெட்டியாகித் தாக்குப்பிடிக்கும். தண்ணீருக்கு அந்தத் தெம்பு கிடையாது. படலம் மெலிந்து உலோகம் உலோகத்தோடு உரசும். துரு பிடித்தால், அந்தத் துகள்களே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

1977-ல் வெளியான கேண்ட்லியின் பேரிங் ஆய்வுக் கணக்குப்படி, ஆயிலில் நீரின் அளவு 0.01 சதவிகிதத்திலிருந்து 0.04 சதவிகிதம் ஆனாலே பேரிங்கின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணுக்கே தெரியாத அளவு அது!

அதிக ரிஸ்க் யாருக்கு? தெருமுனைக் கடைக்கும் பக்கத்து ஜிம்முக்கும் மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு! இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் ஆஃப் செய்துவிடுவதால், நீர் ஆவியாக வழியே இல்லை.

என்ன செய்யலாம்?

* வாரத்துக்கு ஒருமுறையாவது 20 நிமிஷம் தொடர்ந்து ஓட்டுங்க. நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி வைப்பது போதாது.

* கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும், மேனுவலில் சொன்ன மாதக் கணக்குப்படி ஆயில் மாத்துங்க.

* மூடியில் மட்டும் லேசா வெள்ளை படிந்திருந்தால் நல்லா ஓட்டிட்டு மறுபடி பாருங்க. மொத்த ஆயிலும் காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

* மழையில் போய் வந்தால் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு லூப் அடிங்க.

ஆயில் மாத்த சில நூறுகள்தான். இன்ஜினைப் பிரிச்சா பல ஆயிரங்கள். இந்த வாரமே ஆயில் மூடியை ஒருமுறை திறந்து பாருங்க!