சாதன இயக்கியின் இடையகத் தரவு வெளியீடு: பிழை கண்டறியும் முறை – மஞ்சளாறு அணை நீர்மட்டத்தை முன்வைத்து

முன்னுரை

தேனி மாவட்டம், தேவதானப்பட்டியை அடுத்துள்ள மஞ்சளாறு அணையின் முழு நீர்மட்ட உயரம் 57 அடி. நீர்மட்டம் 51, 53, 55 அடிகளை எட்டும்போது முறையே மூன்று கட்ட வெள்ள எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடைவெளி இரண்டு அடியே. இத்தகைய அணையில் தானியங்கி நீர்மட்ட உணரி ஒன்று பொருத்தப்படுவதாகக் கொள்வோம். அது தரும் அளவு சரியாக இருத்தல் மட்டும் போதாது. அவ்வளவு எந்நேரத்துக்குரியது என்பதும் தெளிவாதல் வேண்டும். உணரி பழுதின்றி இருக்கும்போதே தரவு பிழைபடும் இடங்களையும் அவற்றைப் பிரித்தறியும் வரிசையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை வாசிப்பு

லினக்ஸ் இயங்குதளத்தில் உணரிகளுக்கென 'இண்டஸ்ட்ரியல் ஐ.ஓ.' என்னும் துணையமைப்பு உள்ளது. ஜோனத்தன் கேமரன் உருவாக்கிய இது 2009ஆம் ஆண்டு கெர்னலில் இடம்பெற்றது. இதில் வாசிப்பு இருவகைப்படும். நேரடி வாசிப்பில் கேட்டவுடன் ஓர் எண் எழுத்துருவில் கிடைக்கும். இடையக வாசிப்பில், தூண்டி செயற்படும்தோறும் இயக்கி ஓர் அளவீட்டை எடுத்து இடையகத்தில் சேர்க்கும். பயனர் நிரல் அவற்றை இரும வடிவில் தொகுதியாகப் பெறும். பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

முதற்படி: தரவு வருகிறதா?

தரவே வராவிடில் மூன்றைச் சோதித்தல் வேண்டும்: உரிய அலைவரிசை தெரிவு செய்யப்பட்டுள்ளதா, தூண்டி இணைக்கப்பட்டுள்ளதா, இடையகம் இயக்கப்பட்டுள்ளதா. இம்மூன்றும் சரியாயின் தூண்டியின் குறுக்கீட்டு எண்ணிக்கை உயர்கிறதா எனக் காண வேண்டும். உயரவில்லையெனில் குறை, தூண்டியிலோ அதன் இணைப்பிலோ உள்ளது.

இரண்டாம் படி: தரவின் அமைப்பு

12 பிட்டு அளவு ஒன்று, 16 பிட்டு இடத்தில் 4 பிட்டு மேலே நகர்த்தி வைக்கப்பட்டிருக்கலாம். உண்மை அளவு 1000 எனின், நகர்த்தாமல் படிப்பவருக்கு அது 16000 எனத் தோன்றும். பைட்டு வரிசையையும் மாற்றிப் படித்தால் 32830 ஆகும். எப்போதும் 16 மடங்கு வரும் எண் உணரியின் பழுதன்று, வாசிப்பின் பழுது.

நேரமுத்திரையைச் சேர்க்கும்போது மற்றொரு சிக்கல் எழும். அளவுக்கு 2 பைட்டு, நேரமுத்திரைக்கு 8 பைட்டு. ஆயினும் ஒரு பதிவின் நீளம் 10 அன்று, 16 ஆகும். நேரமுத்திரை 8இன் மடங்கான இடத்தில் தொடங்க வேண்டியிருப்பதால் இடையே 6 பைட்டுகள் வெறுமையாக விடப்படுகின்றன. 10 எனக் கருதிப் படித்தால் முதல் அளவு சரியாக அமையும், பின்வருவன பிழைபடும், 80ஆம் பைட்டில் தொடங்கும் ஒன்பதாம் வாசிப்பில் மீண்டும் சரியான அளவு கிடைக்கும். இவ்வொழுங்கே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: காலமும் இழப்பும்

நொடிக்கு ஒரு முறை அளவெடுத்து, 600 அளவீடுகள் சேர்ந்த பின்னரே நிரலுக்கு அறிவிக்குமாறு அமைத்தால், முதல் அளவு ஏறத்தாழ 10 நிமிடம் தாமதமாகும். எண் சரியே, ஆனால் அது பழைய நீர்மட்டம்.

இதனினும் கேடானது இடையகம் நிரம்பி வழிவது. பரவலாகப் பயன்படும் 'கேஃபைஃபோ' வகை இடையகம் நிரம்பியபின் பழைய பதிவுகளைக் காத்துப் புதியவற்றைக் கைவிடுகிறது. வெள்ளக் காலத்தில் இழக்கக்கூடாத பதிவுகளே இவ்வாறு இழக்கப்படும். அடுத்தடுத்த நேரமுத்திரைகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டால் இவ்விடைவெளி புலப்படும். மின்கலத் துணையுள்ள கடிகாரம் இல்லாத சிறு கணினிகளில், மின்தடைக்குப் பின் நேரமுத்திரையே பிழைபடலாம் என்பதையும் கருத வேண்டும்.

முடிவுரை

உணரியை மாற்றுமுன் இடையகத்தை நிறுத்தி, நேரடி வாசிப்பை அணையின் அளவுகோலில் கண்ணால் கண்ட அளவோடு ஒப்பிடுதல் வேண்டும். இடையகம் இயங்கும்போது பல இயக்கிகள் நேரடி வாசிப்பை மறுப்பதால் இந்நிறுத்தம் இன்றியமையாதது. இரண்டும் ஒத்திருப்பின் உணரி நலமே. வருகை, அமைப்பு, காலம் என்னும் வரிசையில் பிழையைத் தேடலாம். நீர்மட்ட எச்சரிக்கைக்கு இடையகத்தைப் பயன்படுத்துவோர் அறிவிப்பு வரம்பைக் குறைவாகவும் இடையகத்தின் கொள்ளளவை மிகுதியாகவும் அமைத்தல் நன்று.