நாட்டுத் தக்காளிக்கு வீட்டு விதை

கொல்லையில் இரண்டு பாத்தி தக்காளி வைத்திருக்கும் குடியானவர் அநேகர், சந்தையில் வாங்கிய பழத்தைப் பிழிந்தே மறு வருஷத்திற்கு விதையாக்குகின்றனர். அப்பழம் வீரிய ஒட்டுரகமாயின் செடிகள் தாயைப் போல் வாரா. ஒன்று உயர்ந்தும் ஒன்று குட்டையாயும், காய் பலவிதமாயும் பிரிந்து நிற்கும். நாட்டு ரகத்திலோ பூவானது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், குணம் மாறுவது அபூர்வம். தலைமுறையாகப் பயிரான இத்தகைய ரகங்களை அற்பமாய் எண்ணலாகாது. பெரியகுளத்தில் உருவான பேர்பெற்ற பி.கே.எம். 1 ரகமும் அண்ணஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியிலிருந்து பிறந்ததேயாம்.

விதைக்குக் கூடையிலுள்ள பெரும் பழத்தைப் பொறுக்குவது வழக்கம், அது சரியன்று. பார்க்க வேண்டியது செடியை. இலைச்சுருட்டு நோய் அண்டாமல் நிறையக் காய்த்த 4, 5 செடிகளுக்கு அடையாளமாக நூல் கட்டி, அவற்றில் நன்கு கனிந்த பழங்களையே எடுத்தல் வேண்டும். அருகில் வேறு ரகம் இருப்பின், வண்டுகளும் தேனீக்களும் சிறிது கலப்புச் செய்யக்கூடும். விதைக்கென விடும் பூங்கொத்தை, மலருமுன் மெல்லிய துணியால் மூடிவைத்தல் உத்தமம்.

பழத்தை அறுத்துச் சாற்றோடு விதையை மண்சட்டியில் பிழிந்து, நிழலில் புளிக்க விடுக. விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான சவ்வு முளைப்பைத் தடுப்பது. புளிப்பினால் அது கழன்றுவிடும். நாற்றத்திற்கு வீட்டார் முகஞ்சுளிப்பராதலால் சட்டியைப் புறக்கடையில் வைப்பது நலம். நமது வெப்பத்தில் 1 அல்லது 2 நாள் போதுமானது. மேலும் விட்டால் சட்டியிலேயே முளை கண்டுவிடும். பின்பு நீர் வார்த்துக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதை வடித்துவிடலாம். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். தட்டிலிட்டு நிழலில் உலர்த்துக. நன்றாய் உலர்ந்ததை ஈரம் புகாத புட்டியில் அடைத்து வைத்தால் 3, 4 வருஷம் முளைக்கும். விதைத்தபின் சுமார் 25 நாளில் நாற்று நடவுக்காகும்.

விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், அயலாருக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டுமே விலக்கு. இதைக் கேட்போருக்குக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம்.

ஒரே வீட்டில் தங்கிய விதை ஒரு பெருமழையில் அழிந்துபோனால் பின்பு மீட்க வழியில்லை. ஆதலால் தங்கள் எல்லையில் பழைய ரகம் எவரிடமேனும் இருப்பதாகத் தெரியின், ஊர்ப் பெயரும் விதை எடுத்த மாதமும் எழுதிய சீட்டுடன் அதை மூன்று நான்கு வீடுகளுக்குப் பகிரச் செய்யுமாறு மேற்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.