திரையில் ஒரு நாதஸ்வரச் சக்கரவர்த்தி

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றவர்களுக்கு நாதஸ்வரத்தின் மகிமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் இன்னும் பல ஊர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்காக எழுந்தருளியிருக்க, அலைகளின் இரைச்சலையும் ஜனத்திரளின் ஆரவாரத்தையும் மீறிக்கொண்டு மேளக்காரரின் குழல் முழங்கும். அந்த மயிலம் முருகன்மீது 1926-ஆம் ஆண்டில் துதிப்பாடல்கள் இயற்றி வெளியிட்ட புதுவைக் கவிஞர் ஒருவர், பதினான்கு வருஷங்களுக்குப் பிறகு, அந்த வாத்தியத்தின் ஈடு இணையற்ற வித்வான் கதாநாயகனாகத் தோன்றிய திரைப்படத்துக்கு எழுத்துப் பணி செய்தார் என்பது இன்று அநேகருக்குத் தெரியாத செய்தி. கவிஞர் பாரதிதாசன்; வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை; படம் 1940-இல் வெளிவந்த ‘காளமேகம்’.

1898-இல் திருமருகலில் பிறந்த ராஜரத்தினம் பிள்ளை, முதலில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டுப் பயின்று, அதன் பின்னரே நாதஸ்வரத்துக்கு வந்தவர். வாய்ப்பாட்டின் குழைவை அந்த முரட்டு வாத்தியத்தில் அவர் வரவழைத்த ரகசியம் இந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். குட்டையான, உச்ச சுருதியில் வீறிடும் திமிரி நாயனத்தை விட்டு, நீண்டு கனத்து மந்தரமாக ஒலிக்கும் பாரி நாயனத்தை நாடினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி ஆச்சா மரத்தைக் கடைந்து அவருக்கென்றே குழல் செய்து கொடுத்தார். ஒத்து என்னும் சுருதிக் குழலுக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்து, ஷெர்வானி அணிந்து, வாய்ப்பாட்டு வித்வான்களுக்குச் சமமாக மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிப்பவர்தாமே என்று நாதஸ்வரக்காரரை அலட்சியமாக நினைத்த காலத்தில் இது சாமானியமான காரியமன்று.

இத்தகையவரைத் திரையுலகம் தேடிப் போனதில் வியப்பில்லை. பின்னணிப் பாடகர் என்ற வழக்கம் வேரூன்றாத அந்நாளில், கதாநாயகனாக நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தமையால், தயாரிப்பாளர்கள் முகத்தைக் காட்டிலும் சாரீரத்தையே பெரிதாக மதித்தார்கள். மகாராஜபுரம் விசுவநாதையர் 1935-இல் ‘நந்தனா’ரில் நடித்தார், தண்டபாணி தேசிகர் பட்டினத்தாரானார், முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமானார். ஆயினும் இவர்கள் அனைவரும் பாடகர்கள். குழலூதிப் புகழ் பெற்ற ஒருவருக்குக் கதாநாயக வேஷம் கொடுத்ததுதான் ‘காளமேக’த்தின் புதுமை.

அந்த வேஷமோ எளிதானதன்று. ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பணிபுரிந்த வைணவ இளைஞன், திருவானைக்கா கோயில் தாசி மோகனாங்கியிடம் காதல் கொண்டு சைவனாகி, அகிலாண்டேசுவரியின் தாம்பூலத்தை வாயில் ஏற்றதனால் ஆசுகவியாகி, திருமலைராயன் சபையில் அதிமதுர கவியின் அகம்பாவத்தை அடக்க எமகண்டம் பாடினான் என்பது காளமேகப் புலவரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை. எமகண்டமாவது, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே உறிகட்டி அதில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவர் கேட்ட கணத்தில் கேட்ட பொருளில் கவி சொல்வது; ஒரு சொல் தாமதித்தாலும் உயிர் போய்விடும். ஆகவே காளமேகமாக நடிப்பவனுக்கு நாவின் வேகமே பிராணன். ராஜரத்தினம் பிள்ளைக்கு ஈசுவரன் அளித்த வேகமெல்லாம் விரல்களிலும் மூச்சிலும் இருந்தது. சீவாளியை இதழ்களுக்கிடையே நனைத்துப் பதம் பார்த்து, தோடியை ஆலாபனை செய்யத் தொடங்கினால் பொழுது போவதறியாமல் அதிலேயே சஞ்சரிப்பவரை, சிலேடைக்கும் சமயோசித பதிலுக்கும் பெயர் போன புலவனாக நிறுத்தியது பாத்திரத் தேர்விலேயே நேர்ந்த பிழை என்பது என் அபிப்பிராயம்.

படத்தின் டைரக்டர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், தமிழே அறியாமல் தமிழ்ப் படங்களை நேர்த்தியாக எடுத்தவர். அதே 1940-இல் அவர் எடுத்த ‘சகுந்தலை’யில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்தார்கள், அது பெரும் புகழ் பெற்றது. ‘காளமேக’த்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சங்கீத வித்வான் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் திரையில் வெற்றி பெற்றுவிடுவதில்லை என்பதற்கு, ஒரே டைரக்டர் ஒரே வருஷத்தில் எடுத்த இவ்விரு படங்களைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாரதிதாசனுக்கோ இது முதல் படமுமன்று, கடைசிப் படமுமன்று. பிரெஞ்சு அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1937-இல் ‘பாலாமணி’க்கு எழுதினார், 1938-இல் ‘ஸ்ரீ ராமானுஜ’ருக்குப் பாடல்கள் தந்தார். சுயமரியாதைக் கொள்கையை அதற்குள் மனமார ஏற்றுக்கொண்டுவிட்டவர், வைணவ ஆசாரியர் கதைக்கும் அம்பிகையின் அருள் பெற்ற புலவன் கதைக்கும் எழுத நேர்ந்தது விசித்திரந்தான். அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ என்ற காவியத்தை 1950-இல் ‘பொன்முடி’ என்ற படமாக எடுத்தவரும் அதே டங்கன்தான் என்பதைப் பார்க்கும்போது, ‘காளமேகம்’ வீண்போன முயற்சியென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் காலமானார். அவர் வாசித்த தோடி இசைத்தட்டுகளில் இன்றும் ஒலிக்கிறது. ஆனால் அவர் நடித்ததை அறிந்தவர் சிலரே. அக்காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய நைட்ரேட்டினால் ஆனவை. ஆதலால் பேசும்படத்தின் முதல் பத்தாண்டுகளில் வந்த தமிழ்ப் படங்களில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களே பல படங்களுக்கு இப்போது சாட்சி. புதுவையிலும் தஞ்சை ஜில்லாவிலும் பழைய வீடுகளின் பரண்களில் அத்தகைய புத்தகமோ விளம்பர நோட்டீஸோ கிடக்குமானால், பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் ஒப்படைக்கும்படி வாசகர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.