அத்திக் காய்க்குள் அதிசயக் குளவி!

துருக்கி நாட்டு ஸ்மிர்னா அத்திப்பழம் தேனாக இனிக்கும். கடைகளில் மாலையாகக் கோத்து விற்கிறார்களே, சீமை அத்தி, அந்த இனம்தான் இதுவும்.

1880-களில், அமெரிக்காவின் கலிபோர்னியா தோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஸ்மிர்னா அத்திப் போத்துகளைத் தருவித்து நட்டார்கள். மரங்கள் செழித்தன. காயும் பிடித்தது. ஆனால், கோலிக்குண்டு அளவு வந்ததும் எல்லாம் உதிர்ந்தன! ஆண்டுதோறும் இதே கதை.

துருக்கி விவசாயிகள் காட்டு அத்திக் காய்களைக் கோத்து, தோட்டத்து மரங்களில் கட்டித் தொங்கவிடுவது உண்டு. "அது மூடப்பழக்கம்" என்று கலிபோர்னியாவில் பலர் ஒதுக்கிவிட்டார்கள். ரகசியமே அதில்தான் இருந்தது!

பூ எங்கே?

"அத்தி பூத்தாற்போல" என்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. காய் என்று நாம் நினைப்பதற்குள்ளேதான் நூற்றுக்கணக்கான பூக்கள் ஒளிந்திருக்கின்றன. நுனியில் சிறு துளை. தேனீ நுழைய முடியாது. எள்ளை விடச் சிறிய ஒரு குளவிதான் நுழையும். நுழையும்போதே அதன் இறக்கை முறிந்துவிடும்!

காட்டு அத்தி, ஆண் மரம். குளவி அதன் காய்க்குள் முட்டையிடும். ஆண் குஞ்சுகளுக்கு இறக்கையே கிடையாது. பெண் குளவிகள் மகரந்தப் பொடியைச் சுமந்துகொண்டு வெளியே பறக்கும். ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் வேறு காய் கிடைக்க வேண்டும்.

தோட்டத்து அத்தியில் நுழைந்த குளவி, பாவம், ஏமாந்து போகிறது. அங்கே முட்டையிட வசதி இல்லை. அலைந்து அலைந்து உயிரை விடுகிறது. அது கொண்டுவந்த பொடியால் காய் பழுக்கிறது. குளவியின் உடல் பழத்துக்குள்ளேயே கரைந்துவிடும். (சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்!)

ஆலும் அரசும் அத்திக் குடும்பமே. இந்தக் குடும்பத்தில் 700-க்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் இனத்துக்கு ஒரு குளவி. 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாக மரமும் குளவியும் ஒன்றுக்கொன்று ஏற்றபடி மாறி வந்திருக்கின்றன. மரம் அழிந்தால் அதன் குளவிக்குப் பிறக்க இடம் இல்லை. குளவி அழிந்தால் மரத்துக்கு விதை இல்லை.

பல் குத்தும் குச்சி

1890-ல் பிரஸ்னோ நகரத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரோடிங், பல் குத்தும் குச்சியால் மகரந்தத்தைச் சில காய்களுக்குள் செலுத்தினார். அவை பழுத்தன! ஆனால், தோப்பு முழுவதற்கும் யார் குச்சி பிடிப்பது?

1899-ல் வால்டர் சுவிங்கிள் என்ற விஞ்ஞானி, குளவி குடியிருந்த காய்களை அல்ஜீரியாவில் இருந்து அனுப்பினார். குளவிகள் பிரஸ்னோவில் நிலைத்தன. அடுத்த ஆண்டே பழம் குவிந்தது. அதற்கு "கலிமிர்னா" என்று பெயர் சூட்டினார்கள்.

அந்தத் தோப்புகளில் இன்றும் காட்டு அத்திக் காய்களைப் பைகளில் போட்டுத் தொங்கவிடுகிறார்கள்.