தப்பிப் போன மீனின் எடை

"நேத்து வந்திருக்கோணுங் தம்பி."

நொய்யல் தண்ணீர் வந்து சேரும் குளங்களில் ஒன்றின் கரைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் போய் உட்காருவேன். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. எந்தக் குளம் என்று எழுத மாட்டேன். எழுதினால் அங்கே தூண்டில் போடும் பெரியவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவார்.

மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு டப்பா மண்புழு. இவ்வளவுதான் அவருடைய சொத்து. விராலுக்கு மட்டும் சின்னத் தவளை. பிடிபடுவது பெரும்பாலும் உள்ளங்கை அகல ஜிலேபிதான். ஆனால் பேச்சு முழுக்க, போன வருசம் ஆடி மாசம் கரைக்கு ஒரு அடி இருக்கும்போது நரம்பை அறுத்துக்கொண்டு போன ஒரு விராலைப் பற்றியது. "இத்தாச்சோடு" என்று கையை விரித்துக் காட்டுவார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்டதைத் தேதி போட்டு நோட்டில் குறித்துவைப்பது. அந்த விரால் முதலில் ஒரு முழம். ஐப்பசியில் ஒன்றரை முழம் ஆனது. தை மாசம் பொங்கல் முடிந்து போனபோது இரண்டு முழம். தண்ணீருக்குள் இருக்கும் விரால்கூட இவ்வளவு வேகமாக வளராது.

கையை இன்னும் கொஞ்சம் அகட்டினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். நிறைய ஆகும். ஒரே வடிவத்தில் இருக்கும் மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால், அகலமும் உயரமும் கூடவே இரண்டு மடங்காகும். அதனால் எடை எட்டு மடங்கு. ஒரு முழ விரால் சுமார் ஒரு கிலோ என்றால், இரண்டு முழ விரால் எட்டு கிலோ. மூன்றடி மீனை நாலடி என்று சொன்னால், ஒரே ஒரு அடிதான் கூடுதல், ஆனால் எடை இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும். தூண்டில்காரர் கையால் சொல்லும் பொய் சின்னது. கேட்கிறவன் மனசுக்குள் தராசில் ஏறும்போதுதான் அது பெரிசாகிறது.

இதில் எல்லாமே பொய்யும் கிடையாது. நீளமான கழியின் நுனியில் ஒரு மீன் இழுக்கும்போது, அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் கைக்கு நெம்புகோல் தலைகீழாக வேலை செய்கிறது. மீன் ஒரு கிலோ அளவுக்கு இழுத்தாலே மணிக்கட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு சுமை. தண்ணீரும் சேர்ந்து ஏமாற்றும். மேலிருந்து பார்த்தால் நாலடி ஆழத்தில் இருப்பது மூன்றடியில் இருப்பதுபோலத் தெரியும், கிட்டத்தில் இருப்பதால் பெரிசாகவும் தெரியும். மீன் கரை ஏறினால் கண்ணும் கையும் திருத்திக்கொள்ளலாம். தப்பிப் போன மீனைத் திருத்த வழியே இல்லை. அது கடைசியாகக் கைக்குக் கொடுத்த கனத்திலேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். இதே ஆட்கள் எதிர்த் திசையிலும் பொய் சொல்வார்கள். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் பைக்கில் வந்து "என்னங்கையா, என்ன மாட்டுச்சு?" என்று கேட்டால், அத்தனை பேருக்கும் ஒரே பதில்: "ரெண்டு பொடி ஜிலேபிங்க." கட்லா, ரோகு குஞ்சுகளைக் காசு போட்டு வாங்கி விட்டவர் அவர். அவர் காதில் மீன் சுருங்குகிறது, டீக்கடையில் வளர்கிறது. கேட்கிறவர் யார் என்று தெரியாமல் மீனின் அளவை எழுதக் கூடாது என்று என் நோட்டில் ஒரு பத்தி சேர்த்தேன்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் அல்ல. வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்று ஒரு வேட்டை மீன் உண்டு. நம்ம விரால் மாதிரியே செடி மறைவில் அசையாமல் நின்று பாய்ந்து கவ்வும், ஆனால் பல மடங்கு பெரிது. பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒன்று மாட்டும் என்பது அங்கே பேச்சு வழக்கு. 1949-ல் விஸ்கான்சினில் லூயி ஸ்ப்ரே என்பவர் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீன் பிடித்ததாகப் பதிவு. 1957-ல் ஆர்ட் லாட்டன் என்பவர் 69 பவுண்டு 15 அவுன்ஸ் என்று வந்தார். நாலே அவுன்ஸ், நூறு கிராம் சொச்சம்தான் வித்தியாசம். முப்பத்தைந்து வருசம் கழித்து, 1992-ல், போட்டோவை வைத்து அளந்து பார்த்து லாட்டனின் சாதனையை நீக்கினார்கள். ஸ்ப்ரே மீன் பற்றிய சண்டையும் அவர் காலத்தோடு முடியவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஈடான மீன் குளத்தில் இல்லை, ஆற்றில் இருந்தது. காவிரியின் மஹ்சீர். ஆங்கிலேய அதிகாரிகள் இதன் பின்னால் பைத்தியமாக அலைந்தார்கள். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அது போதாமல் 1887-ல் குளத்து மீன்பிடிப்புக்கென்று தனியாக இன்னொன்று. நம்ம பெரியவர் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். 1919-ல் ரிவெட்-கார்னாக் என்பவர் காவிரியில் பிடித்தது 119 பவுண்டு. 1946-ல் மைசூரின் வான் இங்கென் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். இங்கேயும் ஒரே ஒரு பவுண்டு வித்தியாசம். ஆனால் இவை கரையேறி, எடை போடப்பட்டு, பதிவான மீன்கள்.

இந்த இடத்தில் என் அப்புச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவின் அப்பா. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றங்கரை ஊர். பள்ளி லீவுக்குப் போனால் ராத்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பவானிசாகர் டேம் வேலை ஆரம்பித்த வருசம், ஆற்றில் அவருடைய சித்தப்பா ஒரு பொம்மீனைப் பிடித்த கதை. தலைக்குப் பின்னால் கூன் விழுந்த மாதிரி முதுகு தூக்கி நிற்குமாம். துடுப்பெல்லாம் செங்காமட்டை நிறமாம். இரண்டு பேர் கழியில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்களாம். "எம்பட எடை இருந்துச்சு கண்ணு" என்று முடிப்பார்.

அப்புச்சி ஆறடி ஆள், எழுபது கிலோவுக்குக் குறையாது. எனக்குப் பதினாலு வயசு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஆற்றில் எழுபது கிலோ மீனா? கூனா? ஆரஞ்சுத் துடுப்பா? விருந்தாளிகள் முன்னாடி அவரை அந்தக் கதையைச் சொல்ல வைத்துவிட்டு, நானும் மாமா பையனும் பின்னால் நின்று கையை விரித்துக் காட்டிச் சிரிப்போம். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்கவே இல்லை.

அவர் போய்ச் சில வருசம் கழித்து, 2018-ல், ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. காவிரியின் பெரிய மஹ்சீருக்கு, நூற்றைம்பது வருசமாக உலகமெங்கும் போட்டோ போட்டுப் பெருமையடித்த அந்த மீனுக்கு, உறுதியான அறிவியல் பெயர் அதுவரை இல்லை என்றது கட்டுரை. பழைய பெயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஐம்பது கிலோ மீனை ஃபார்மலின் ஜாடியில் போட்டு வைக்க யாராலும் முடியாது. தலையைச் சுவரில் மாட்டத்தான் முடியும். இதற்கிடையில், சின்னார் காட்டு வழியாக அமராவதி அணைக்கு இறங்கி வரும் பாம்பாற்றில் பிடித்த சிறு மீன்களை வைத்து, டோர் ரெமாதேவியை என்று ஒரு புது இனத்தை விவரித்திருந்தார்கள். சென்னையில் இருந்த மீன் ஆய்வாளர் ரெமாதேவியின் பெயர். அந்தக் குட்டி மீனும் காவிரியின் ராட்சத மீனும் ஒன்றுதான் என்று 2018-ல் நிறுவினார்கள். அந்தக் குழுவில் நம்ம பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும் ஒருவர். சான்றுக்கு மீன் கிடைத்தது எங்கே? மாயாற்றில். பவானிசாகர் அணையில் வந்து கலக்கிறதே, அதே மாயாறு.

கட்டுரையில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் முதுகு தூக்கி நிற்கிறது. துடுப்பு ஆரஞ்சும் சிவப்புமாக. செங்கல்லை உடைத்தால் உள்ளே இருக்குமே, அந்த நிறம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எடை மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அப்புச்சி பிறந்தது 1938. டேம் வேலை தொடங்கியது 1948. அந்த மீனைப் பார்த்தபோது அவருக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பையன், அந்தக் காலத்துச் சாப்பாட்டில், இருபத்தைந்து கிலோ இருந்திருப்பான். 'எம்பட எடை' என்றால் அன்றைய அவர் எடை. அப்படிப் பார்த்தால் ரிவெட்-கார்னாக் மீனில் பாதிகூட இல்லை. அவர் ஒரு கிலோகூடக் கூட்டிச் சொல்லவில்லை. எழுபது கிலோ என்று ஊதியது நான்தான்.

இந்த மீன் இன்றைக்கு எங்கே இருக்கிறது? 2018 கடைசியில் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக அபாயமான கட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கு அடுத்த படி காட்டில் அழிவதுதான். காரணங்கள் புதிதல்ல: அணைகள், மணல், தோட்டா போட்டுப் பிடிப்பது. ஒரு காரணம் மட்டும் நல்லெண்ணத்தில் வந்தது. லோனாவ்லா பக்கத்தில் வளர்த்த வேறொரு மஹ்சீர் இனத்தின் குஞ்சுகளை, ஆற்றைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காவிரியில் விட்டார்கள். நீலத் துடுப்பு மஹ்சீர். அது பெருகியது, கூன் முதுகு மீன் குறைந்தது.

இது எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கர்நாடகக் காவிரியில், கலிபோர் முகாமில், பிடித்து எடை பார்த்துத் திரும்ப விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை குறிப்பேடு வைத்திருந்தார்கள். மொத்தம் 6,161 மீன். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள் என்ற கணக்கும் இருந்தது. அதை வைத்துத்தான் 2015-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: கூன் முதுகு மீன் வரவரக் குறைவாகவே மாட்டியது, ஆனால் மாட்டியவற்றின் சராசரி எடை கூடிக்கொண்டே போனது. 'மீன் பெரிசாயிருச்சு' என்று தூண்டில்காரர்கள் சந்தோசப்பட்டிருக்கலாம். கிழடுகள் மட்டும் மிச்சம், குஞ்சுகள் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த ஆற்றில் வேறு யாரிடமும் அத்தனை வருசக் கணக்கு கிடையாது. பொய்க்குப் பேர் போன கூட்டத்தின் நோட்டுதான் சாட்சி சொன்னது.

நம்ம குளங்களுக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை. மொசாம்பிக் ஜிலேபி இந்தியாவுக்குள் வந்ததே 1952-ல்தான். அதற்கு முன்னால் இந்தக் குளங்களில் என்ன நீந்தியது என்பதை, எழுபது எண்பது வயசுக்காரர்களின் டீக்கடைப் பேச்சில்தான் தேட வேண்டியிருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் அளவைக் கேட்பதில்லை. நிறம், பொட்டு, துடுப்பு, எந்த மாசம், எந்த மதகு, இவற்றைத்தான் கேட்கிறேன். கை விரிவதைப்போல இவை வளர்வதில்லை.

போன ஞாயிறு பெரியவர் மறுபடி அந்த விராலுக்கு வந்தார். இரண்டு முழம். நான் சிரிக்கவில்லை. வால் எப்படி இருந்தது என்றேன்.

"வால் ஆரம்பிக்கற எடத்துல கண்ணு மாதிரி ஒரு பொட்டுங். சுத்தியும் மஞ்சக் கோடு."

பேனா நின்றுவிட்டது. சாதாரண விராலுக்கு அந்தப் பொட்டு கிடையாது. அவுரிக்கு உண்டு. அவுரி ஒரு மீட்டரையும் தாண்டி வளரும்.

அடுத்த தடவை மாட்டினால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போனு சார்ஜ்ல போட்டிருந்தனுங் தம்பி, அன்னைக்கும்."